கரையில் நின்றே நாரையைப் பார்க்கலாம்!

ஒரகடம் பக்கத்து ஏரிக்கு நத்தைகுத்தி நாரை வந்தால், என் பிள்ளைகள் "பக்கத்துலதானேம்மா" என்று தண்ணீருக்கே ஓடுவார்கள். மண் எடுத்த பள்ளம் எங்கிருக்கிறதோ! கரையிலேயே நிறுத்த 'ஸ்பாட்டிங் ஸ்கோப்' நல்ல உபாயம், சகோதரிகளே.

20-60×60 என்றால் 20 முதல் 60 மடங்கு பெரிதாகக் காட்டும். கடைசி எண் முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். மலிவு ரகத்தில் 60 மடங்கு வைத்தால் படம் மங்கி நடுங்கும். 20-இல் தெளிவும், ஆடாத ஸ்டாண்டும் இருந்தால் போதும். சூரியனை மட்டும் பார்க்கவே கூடாது.

தூரம் தெரிய வேண்டுமா? கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலால் நாரையை மறையுங்கள். கண்ணை மாற்றினால் விரல் தள்ளித் தெரியும். அங்கே சாலையில் போகும் 40 அடி கன்டெய்னர் 5 நிற்கிற அளவு தள்ளினால் 200 அடி. பத்தால் பெருக்குங்கள்: 2,000 அடி! பக்கமா அது?