களிமண்ணுக்கு மதிப்பெண் கிடையாது

சென்ற வாரம், பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் எமிஸ் செயலியோடு ஆசிரியர்கள் நடத்தும் அன்றாட மல்லுக்கட்டைப் பார்த்தோம். வேலையைக் குறைத்தால் ஆசிரியர்களின் சோர்வு போய்விடாதா என்று கேட்கலாம். பாதி போகும். மீதிப் பாதிக்கு நெல்லையிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு.

1990களின் தொடக்கம். அப்போது திருநெல்வேலிக்கு நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று பெயர். எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் போன்றவர்கள் முழுமூச்சாக இறங்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. பகலெல்லாம் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளை மேய்த்த தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், பொழுது சாய்ந்ததும் வீதி நாடகத்தில் வேஷம் கட்டினார்கள், பாட்டுக் கட்டினார்கள். கணக்குப் பார்த்தால் வேலை கூடியதுதான் மிச்சம். ஆனால் அந்தக் காலத்து ஆசிரியர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். களைப்பைப் பற்றி ஒரு வார்த்தை வராது. எந்த ஊரில் எந்த வசனத்துக்குச் சனம் சிரித்தது என்பதுதான் வரும். அதை யாரும் சிகிச்சை என்று சொல்லவில்லை.

உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் பணிச்சோர்வில் மூன்று கூறுகளைக் காண்கிறார்: ஆள் வற்றிப்போவது, வேலையின் மீதும் எதிரே இருப்பவர் மீதும் ஒட்டுதல் அற்றுப்போவது, ‘நம்மால் ஒன்றும் ஆகவில்லை’ என்ற நினைப்பு. விடுமுறையும் தூக்கமும் முதலாவதைத்தான் தீர்க்கும். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் பணிச்சோர்வை நோயாகச் சேர்க்கவில்லை. வேலையிடம் சார்ந்த நிலை என்றே பதிந்தது. இங்கே அந்த வேலையிடத்தில் பயமும் சேர்ந்துகொண்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகு இந்த மாவட்டத்து ஆசிரியர்கள் வருகைப் பதிவோடு, சாதியைக் காட்டும் பிள்ளைகளின் மணிக்கட்டுக் கயிற்று நிறத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பயத்தை எந்தப் படிவத்தில் ஏற்றுவது?

படிவத்தில் ஏறாததற்குத்தான் வெளிப்பாட்டுக் கலைச் சிகிச்சை. 1970களில் அமெரிக்காவின் லெஸ்லி கல்லூரியில் ஷான் மெக்னிஃப் முதலானோர் வளர்த்த முறை இது. ஒருவர் மனதில் இருப்பதை வரைவார், வரைந்ததை உடலசைவாக்குவார், பிறகு நாலு வரி எழுதுவார். ஒரு வழியில் வராதது இன்னொரு வழியில் வந்துவிடும். ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தின் கிரிஜா கைமல் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேர் 45 நிமிடம் களிமண்ணோடும் வண்ணப் பேனாக்களோடும் இருந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு உமிழ்நீரில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் குறைந்திருந்தது. முன்பின் வரைந்து பழகாதவர்களுக்கும் அப்படித்தான். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அந்த ஆய்வில் இல்லை என்பதால், அதை வைத்து நான் மேளம் கொட்டமாட்டேன்.

ஆனால் களிமண்ணுக்கு நாம் அமெரிக்கா போக வேண்டாம். சேரன்மகாதேவியைத் தாண்டினால் காருகுறிச்சி. நாகஸ்வரத்துக்குப் பேர்போன அதே ஊரில் இன்றும் பானை வனைகிறார்கள். ஆசிரியர்களின் குறுவள மையக் கூட்டத்தை ஒரு சனிக்கிழமை அங்கே வைத்தால் என்ன? மண்ணைக் கையில் கொடுத்ததும் ‘என்ன செய்யணும்?’ என்பார்கள். கொஞ்ச நேரத்தில் ‘இது சரியா?’ என்பார்கள். காலமெல்லாம் சிவப்பு மையால் திருத்திய கை அல்லவா! சரி, தப்பு இரண்டும் இல்லாத ஒரு மணி நேரம் கிடைப்பதே பெரிய காரியம். ‘அனைவரும் தவறாது கலந்துகொள்ள வேண்டும், புகைப்படத்தை மாலை 4 மணிக்குள் பதிவேற்ற வேண்டும்’ என்று சுற்றறிக்கை வந்ததோ, போச்சு. அறிவொளிக்கு ஆசிரியர்கள் தாமாகத்தான் போனார்கள்.

தூக்கம் கெட்டு, வாழ்வே வெறுத்துப்போகிற அளவுக்கு வந்தவர்களுக்குக் களிமண் போதாது. அவர்கள் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கலாம்.

சரி, பள்ளிக்குள்ளேயே மற்ற ஆசிரியர்களுக்குத் தூரிகை பிடிக்கச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? இருக்கிறார்கள். 2012இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்காராத தெரு இல்லை. அடுத்தவர் சோர்வைத் தீர்க்க அவர்களைக் கூப்பிடுமுன் அவர்கள் சம்பளச் சீட்டைப் பார்க்க வேண்டும். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.