கண்ணால் காணாத அரங்கைக் காசு கொடுத்துக் காப்பாற்றினார்கள்!
அமெரிக்க ரேடியோ நேயர்களின் கதை

நாடகத்தை நேரில் பார்க்காமலே அதற்கு ரசிகர் ஆக முடியுமா?

முடியும். அமெரிக்காவில் லட்சக்கணக்கான பேர் அப்படி ஆனார்கள். அதோடு நிற்கவில்லை. தாங்கள் ஒரு தடவைகூடக் காலடி வைக்காத நாடக அரங்குக்காகத் தபாலில் பணமும் அனுப்பினார்கள்!

அந்த அரங்கின் பெயர் மெட்ரோபாலிடன் ஆபரா. நியூயார்க் நகரில் பிராட்வே வீதியில் 1883-ம் ஆண்டு திறக்கப்பட்டது.

ஆபரா என்பது மேல்நாட்டு இசை நாடகம். பேச்சு மிகக் குறைவு. காதல், சண்டை, சாவு எல்லாம் பாட்டுத்தான். நம் ஊர்க் கூத்தில் ராஜா பாடிக்கொண்டே வருவார் அல்லவா? அதுபோல. பாடுகிறவர்கள் மைக் வைத்துக்கொள்வதில்லை. பெரிய வாத்தியக் கோஷ்டியையும் மீறி, கடைசி வரிசைக்கு எட்டும்படி பாட வேண்டும்.

வைர லாடம்

அந்த அரங்கில் பணக்காரர்கள் உட்காரத் தனி மாடங்கள் இருந்தன. லாடம்போல வளைந்த வரிசை. சீமாட்டிகளின் நகைகள் அங்கே பளபளக்கும். ஆகவே "வைர லாடம்" என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. கட்டிடமே அந்த மாடக்காரர்களுக்குத்தான் சொந்தம். ஏழை எளியவர்கள் மேலே, கூரைக்குப் பக்கத்தில்!

1910 ஜனவரியில் லீ டி பாரஸ்ட் என்ற விஞ்ஞானி, அங்கே பாடிய கரூசோ என்ற புகழ் பெற்ற பாடகரின் குரலை ரேடியோவில் அனுப்பிப் பார்த்தார். துறைமுகத்துக் கப்பல்களில் சிலர் கேட்டார்கள். இரைச்சல்தான் அதிகம்.

அதன் பிறகு 21 ஆண்டுகள் ஓடின. 1929-ல் அமெரிக்காவில் பெரும் பணமுடை வந்தது. டிக்கெட் விற்பனை சரிந்தது. ரேடியோ கம்பெனி கொடுக்கும் பணம் அரங்குக்குத் தேவைப்பட்டது.

1931 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். "ஹேன்சலும் கிரெட்டலும்" என்ற நாடகம் முழுவதும் ஒலிபரப்பாயிற்று. காட்டில் வழி தவறிய அண்ணனும் தங்கையும், தங்களைத் தின்ன வந்த சூனியக்காரியை அடுப்பிலே தள்ளிவிடும் கதை. குழந்தைகளுக்குக் கேட்கவா வேண்டும்!

ஆரம்பத்தில் ஒரு தவறு நடந்தது. பாட்டு நடக்கும்போதே ஒருவர் குறுக்கே பேசி விளக்கம் சொன்னார். நேயர்களுக்குக் கோபம் வந்தது. புகார்கள் குவிந்தன. நியாயமான கோபம்தான். பிறகு, திரை ஏறுவதற்கு முன்பும் இடைவேளையிலும் மட்டும் பேசுவது என்று ஆயிற்று.

காதுக்குக் கண் கொடுத்தவர்

அந்தப் பேச்சுக்காரர் மில்டன் கிராஸ். ஆபராக்களின் மொழி பெரும்பாலும் இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு. கேட்பவர்களுக்குப் புரியாது. கிராஸ் முன்கூட்டியே கதையைச் சொல்லிவிடுவார். மேடையில் என்ன காட்சி, கதாநாயகி என்ன உடை என்பதையும் சொல்வார். பிறகு பாட்டைக் கேட்டால் படம் மனசில் ஓடும்.

சனிக்கிழமைப் பகல் ஆட்டம்தான் ஒலிபரப்பாகும். நியூயார்க்கில் பகல் 2 மணி என்றால் கலிபோர்னியாவில் காலை 11 மணி. சமையல் செய்துகொண்டே கேட்டவர்கள் உண்டு. துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே அழுதவர்களும் உண்டு.

1935 பிப்ரவரி 2-ந் தேதி நார்வே நாட்டுப் பாடகி கிர்ஸ்டன் பிளாக்ஸ்டாட் அங்கே முதன் முதலாகப் பாடினார். அமெரிக்காவில் அவரை அறிந்தவர்கள் சிலரே. அன்று சனிக்கிழமை. "வைர லாடத்தில்" இருந்த சீமாட்டி கேட்ட அதே விநாடியில், கிராமத்துப் பண்ணை வீட்டிலும் அந்தக் குரல் கேட்டது!

பத்து லட்சம் டாலர்

1940-ல் பெரிய சோதனை வந்தது. மாடக்காரர்களுக்குக் கட்டிடத்தை வைத்துக்கொள்ள இஷ்டம் இல்லை. அதை வாங்கி நாடகத்தைத் தொடர்ந்து நடத்த, சங்கத்துக்கு 10 லட்சம் டாலர் வேண்டும்.

ரேடியோவில் வேண்டுகோள் விடுத்தார்கள்.

தபால் வரத் தொடங்கியது. பலர் அனுப்பியவை சிறு சிறு தொகைகள். கூட்டிப் பார்த்தால், திரண்ட பணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரேடியோ நேயர்கள் கொடுத்தது! அரங்கு பிழைத்தது.

அதே ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி முதல் டெக்சகோ என்ற பெட்ரோல் கம்பெனி ஒலிபரப்புச் செலவை ஏற்றது. நாடகத்தின் நடுவே விளம்பரம் கிடையாது. 2004-ம் ஆண்டுவரை அந்த ஏற்பாடு நீடித்தது. கம்பெனி விலகியதும் தர்ம ஸ்தாபனங்களும் ரசிகர்களும் பணம் கொடுத்தார்கள். ஒலிபரப்பு தொடர்ந்தது.

ஆனால் அன்று காப்பாற்றிய கட்டிடம் நிலைக்கவில்லை. 1966-ல் லிங்கன் சென்டர் என்ற இடத்தில் புதிய அரங்கு திறந்தார்கள். பழையதை 1967-ல் இடித்துவிட்டார்கள். பணம் அனுப்பியவர்களில் எத்தனை பேர் அதற்குள் ஒரு முறையாவது நுழைந்து பார்த்திருப்பார்களோ!

மில்டன் கிராஸ் புதிய அரங்கிலும் பேசினார். மனைவி இறந்தபோது இரண்டு ஒலிபரப்புகளுக்கு வரவில்லை. மற்றபடி தவறியதே இல்லை. 1975 ஜனவரி 3-ந் தேதி, அடுத்த ஒலிபரப்புக்குத் தயார் செய்துகொண்டிருந்தபோது மாரடைப்பால் காலமானார்.

மறுநாள் சனிக்கிழமை. வழக்கமான நேரத்தில் ஒலிபரப்பு தொடங்கியது. குரல் மட்டும் வேறு. பீட்டர் ஆலன் என்பவர் கதை சொன்னார்.