கார்போகரிசியும் கதிரொளியும்

ஐதராபாத் நகரின் வடபுறத்திலுள்ள ஜீடிமெட்லா தொழிற்பேட்டை மருந்துத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. 1961இல் நிறுவப்பட்ட ஐ.டி.பி.எல். என்னும் பொதுத்துறை நிறுவனம், அருகிலுள்ள பாலாநகரில் செயற்கை மருந்து ஆலை ஒன்றை நடத்தியது. அங்குப் பயிற்சி பெற்ற வேதியியல் வல்லுநர் பலர் பின்னர் சொந்தமாகத் தொழில் தொடங்கினர். பொதுத்துறை ஆலை ஓய்ந்த பின்னரும் அவர்கள் வளர்த்த தொழில் நிலைத்துவிட்டது. இப்பகுதிக்குச் சில கிலோமீட்டர் தெற்கே, எர்ரகட்டாவில், மருந்தாராய்ச்சி வேறொரு முனையிலிருந்து தொடங்குகிறது. 1970-களில் யுனானி மருத்துவ ஆராய்ச்சிக்கென மைய அரசு அமைத்த நிலையம், தோல் நோய்களுக்கான தேசிய ஆராய்ச்சி நிலையமாக இன்று விளங்குகிறது. அங்கு நெடுங்காலமாக ஆராயப்பட்டுவரும் நோய் வெண்புள்ளியாகும்.

பெயரால் வந்த துன்பம்

தோலுக்கு நிறம் தரும் மெலனினை ஆக்கும் உயிரணுக்கள் அழிவதால் வெண்புள்ளி தோன்றுகிறது. உடலின் தற்காப்பு அமைப்பே இவ்வணுக்களைத் தாக்குகிறது என்பது இன்றைய விளக்கம். உலக மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இந்நோய் உண்டு. இது தொற்றாது, உயிருக்கும் ஊறு செய்யாது. தொழுநோயோ கிருமியால் வருவது. அதன் படைகளில் உணர்ச்சி குன்றும். வெண்புள்ளியில் உணர்ச்சி குன்றுவதில்லை. ஆயினும் 'வெண்குட்டம்' என்ற பழம்பெயர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதச் செய்தது. திருமணம் தடைப்படுதல், வேலை மறுக்கப்படுதல், வீட்டிலேயே ஒதுக்கப்படுதல் ஆகியவை அதன் விளைவுகளாகும். ஆகவே, பயன்தரும் சிகிச்சையைக் கண்டறிவது மருத்துவத் தேவை மட்டுமன்று, சமூகத் தேவையுமாகும்.

இரு கண்டங்கள், இரு விதைகள்

இந்திய மருத்துவ முறைகள் இந்நோய்க்குக் கார்போகரிசியை நாடின. வாகுசி என வடமொழியிலும் பாப்சி என யுனானியிலும் வழங்கும் இக்கருநிற விதை, தமிழ்நாட்டு நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் கிடைக்கிறது. குளியல் பொடியிலும் சேர்க்கப்படுகிறது. விதையை உட்கொண்டோ அரைத்துப் பூசியோ, பின் உடலை வெயிலில் காட்டுவது பழைய முறை.

வட ஆப்பிரிக்காவிலும் இதே முறை தனித்து வழங்கிற்று. வடமேற்கு ஆப்பிரிக்காவின் பெர்பர் குழுவினர் 'ஆத்ரிலால்' என்னும் செடியின் விதையைக் கொடுத்து நோயாளியை வெயிலில் நிறுத்தியதை, 13ஆம் நூற்றாண்டு மருத்துவ அறிஞர் இபுனு அல்-பைத்தார் பதிவு செய்துள்ளார். நைல் ஆற்றங்கரையிலும் வளரும் இச்செடி அரபு மருத்துவ நூல்களின் வழியே யுனானியில் இடம்பெற்றது. இவ்வாறு ஆப்பிரிக்க விதையும் இந்திய விதையும் ஒரே மருத்துவ முறையில் சேர்ந்தன.

மூலக்கூறு வெளிப்படுதல்

1933இல் ஜோயிஸ், மஞ்சுநாத், வேங்கடராவ் ஆகிய இந்திய வேதியியலாளர்கள் கார்போகரிசியிலிருந்து சோராலன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். 1947இல் எகிப்தில் பாஹ்மியும் அவருடன் பணியாற்றியோரும் ஆத்ரிலாலிலிருந்து மெத்தாக்சி சோராலனைப் பிரித்தனர். மறு ஆண்டில் எல்-மொஃப்தி என்ற தோல் மருத்துவர், அச்செடியைக் கொண்டு வெண்புள்ளிக்குச் சிகிச்சை அளித்து வந்த முடிவுகளை வெளியிட்டார். வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த இரு செடிகள் ஒரே வகைப் பொருளைத் தாங்கியிருந்தமை தெளிவாயிற்று.

வெயில் ஏன் தேவை என்பதும் விளங்கிற்று. சோராலன், உயிரணுவின் டி.என்.ஏ. இழைகளுக்கிடையே செருகிக்கொள்கிறது, 320 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் படும்போது அவற்றோடு வேதிப் பிணைப்புக் கொள்கிறது. இதனால் தோலின் தற்காப்பு அணுக்களின் தாக்குதல் தணிகிறது. மயிர்க்கால்களில் எஞ்சியுள்ள நிறமி அணுக்கள் பெருகி மேலே வருகின்றன. முடியில்லாத உதட்டிலும் விரல் நுனியிலும் நிறம் எளிதில் திரும்பாமைக்குக் காரணமும் இதுவே. 1974இல் அமெரிக்காவில் சோராலனும் விளக்கொளியும் இணைந்த முறை சொரியாசிஸ் நோய்க்கும் பயன்படுத்தப்பட்டது.

மரபு அறியாத தீங்கு

ஆராய்ச்சி நன்மையை மட்டும் காட்டவில்லை. அளவு மிகுந்தால் தோல் வெந்து கொப்புளிக்கும். கண்ணுக்குக் காப்புத் தேவை. நெடுநாள் சிகிச்சையில் தோல் புற்றுநோய் வாய்ப்பு மிகுகிறது. கார்போகரிசியை உட்கொண்டோர் சிலருக்குக் கல்லீரல் கெட்டதாகவும் மருத்துவ இதழ்களில் செய்திகள் உண்டு. சோராலன் தேவைப்படாத குறுகிய அலைப் புற ஊதாக் கதிர் முறை 1990-களிலிருந்து பரவியமைக்கு இத்தீங்குகளும் காரணமாகும்.

ஐதராபாத் நிலையத்தில், யூனிம் 001 என்ற உள்மருந்தும் யூனிம் 003 என்ற பூச்சு மருந்தும் நோயாளிகளுக்கு அளித்து ஆராயப்பட்டன. பூச்சிட்டபின் இளவெயிலில் நிற்பது இதிலும் இன்றியமையாதது. இத்தகைய ஆய்வுகளை மதிப்பிடுகையில் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். வெண்புள்ளியில் சிலருக்கு நிறம் தானே திரும்புவதுண்டு. வெயிலும் ஓரளவு உதவும். எனவே, குணமடைந்தோர் தொகை மட்டும் சான்றாகாது. மருந்து பெற்றோரைப் பெறாதோருடன் ஒப்பிட்டு, இரு திறத்தாரையும் ஒரே அளவுகோலால் அளந்தால்தான் மருந்தின் பங்கு எவ்வளவு என்பது புலப்படும்.

செய்ய வேண்டுவன

மூலிகையின் ஆற்றல் மண், பருவம், சேமிப்பு ஆகியவற்றுக்கேற்ப மாறுபடும். ஒவ்வொரு தொகுதியிலும் சோராலன் எவ்வளவு உள்ளது என அளக்காமல் சரியான அளவைக் கூற இயலாது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டம் பின்னர் திருத்தப்பட்டு, யுனானி, சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் உள்ளடக்குகிறது. ஆனால் சட்டத்துக்கு உயிரூட்டுவது ஆய்வுக்கூடமே. ஜீடிமெட்லா போன்ற தொழிற்பகுதிகளில் மாத்திரைகளுக்குப் பயன்படும் நிறப்பிரிகைக் கருவிகளும் பயிற்சி பெற்ற கைகளும் மூலிகை மருந்துக்கும் பயன்படக்கூடியவையே.

அறிவைத் தந்த மக்களுக்குப் பயனில் பங்கு வேண்டும் என்பது மற்றொரு கடமை. 2002ஆம் ஆண்டின் இந்திய உயிரியப் பன்மைச் சட்டமும், 2010இல் உருவான நகோயா உடன்பாடும் இக்கருத்தை ஏற்றுள்ளன. இபுனு அல்-பைத்தாரின் காலத்துப் பெர்பர் குழுவினருக்கு அத்தகைய பாதுகாப்பு எதுவும் இருந்ததில்லை.

விதையும் வெயிலும் சேரவேண்டும் என்பதை மரபு கண்டது. எவ்வளவு, எவருக்கு, எந்த ஆபத்துடன் என்பதை ஆராய்ச்சி கண்டது. இரண்டில் ஒன்றை ஒதுக்கினால் இழப்பு நோயாளிக்கே.