ரோடு முடியுற இடத்துல ரைடு ஸ்டார்ட்!

‘மவுன்டன் பைக்கிங்’னு சொன்னதும் உங்க மனசுல என்ன ஓடும்? கூலிங் கிளாஸ் போட்ட வெள்ளைக்காரர், ஓக் மரக்காடு, அலை அலையா மேடு பள்ளம்... எல்லாம் டி.வி.யில பார்த்த சீன்தானே? எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது, போன மாசம் ஒரு சனிக்கிழமை காலையில கள்ளக்குறிச்சியிலேருந்து அஞ்சு சைக்கிள்ல கல்வராயன் மலைக்குக் கிளம்புற வரைக்கும்!

அஞ்சு சைக்கிள்ல ரெண்டுக்குத்தான் கியர் உண்டு. ரெண்டு, ஊர்ல அப்பா ஓட்டிக்கிட்டிருந்த பழைய வண்டி. மிச்சம் ஒண்ணு, பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள். “இதுலயாடா மலை ஏறப் போறீங்க?”ன்னு ஹாஸ்டலே சிரிச்சது. “அங்கயா போறீங்க? சாராய மலையாச்சே!”ன்னு ஒரு சீனியர் பயமுறுத்தினார். கெத்தா கிளம்பிட்டோம்.

குப்பை சைக்கிள்தான் கும்பிடு சாமி!

பழைய சைக்கிள்னு கேவலமா பார்க்காதீங்க மக்களே. இந்த விளையாட்டே பழைய இரும்புலதான் பொறந்துச்சு! அமெரிக்காவுல, கலிஃபோர்னியாவுல மரின்னு ஒரு மாவட்டம். அங்கேதான் நீங்க டி.வி.யில பார்க்கிற அந்த ஓக் மரமும் மேடு பள்ளமும். 1970-கள்ல ஜோ ப்ரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லின்னு கொஞ்சம் பசங்க, அவங்க அப்பா காலத்து குண்டு டயர் சைக்கிள்களை உருட்டிட்டுப் போய் மலை மேலேருந்து மண் பாதையில இறங்கிப் பார்த்தாங்க. 1976 அக்டோபர் 21-ம் தேதி, ஃபேர்ஃபாக்ஸ்ங்கிற ஊர் பக்கத்துல முதல் ரேஸ். மூணேகால் கிலோமீட்டர் சொச்சத்துல சுமார் 400 மீட்டர் இறக்கம்!

அந்த சைக்கிள்கள்ல பிரேக் பின் சக்கரத்து ஹப்புக்குள்ளே இருக்கும். பெடலைப் பின்பக்கமா மிதிச்சா பிடிக்கும். ஒரு தடவை மலை இறங்கினா போதும், உள்ளே இருக்கிற கிரீஸ் சூட்டுல புகையாப் போயிடும். அடுத்த ரவுண்டுக்கு முன்னாடி புதுசா கிரீஸ் அடைக்கணும். அதனால ரேஸுக்குப் பேரே ‘ரீபேக்’. அடுத்த வருஷம் ஜோ ப்ரீஸ், மலைக்குன்னே ஒரு ஃபிரேமைத் தானே உருவாக்கி சைக்கிள் செஞ்சார். 1996-ல அட்லான்டா ஒலிம்பிக்ஸ்ல மவுன்டன் பைக்கிங் ஒரு போட்டியாவே நுழைஞ்சிடுச்சு. வெறும் இருபது வருஷம்!

சிங்கிள் ஸ்பீடும் சிங்கக் குட்டியும்

கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணை வரைக்கும் பாட்டுதான், அரட்டைதான். மலை ரோடு ஆரம்பிச்சதும் பாட்டு நின்னது. அப்புறம் மூச்சு வாங்குற சத்தம் மட்டும்.

இஞ்சினீயரிங் படிக்கிறதால இங்கே ஒரு சின்ன கணக்கு. ஓடிடாதீங்க! சாதா சைக்கிள்ல முன் சக்கரப் பல் 44, பின்னாடி ஃப்ரீவீல்ல 18 பல். பெடலை ஒரு சுத்து சுத்தினா பின் சக்கரம் கிட்டத்தட்ட ரெண்டரை சுத்து சுத்தும். வண்டி அஞ்சு மீட்டருக்கு மேலே நகரும். சமதளத்துல இது ராஜா. மேட்டுல? அந்த அஞ்சு மீட்டரையும் ஒரே மிதியில தூக்கணும்னா முட்டி கழண்டுடும். கியர் சைக்கிள்ல முன்னாடி 24 பல்லு, பின்னாடி 32 பல்லுன்னு போட்டா, ஒரு சுத்துக்கு ஒன்றரை மீட்டர்தான் நகரும். மெதுவா போவீங்க. ஆனா போவீங்க! கியர் பலத்தைக் கொடுக்கிறது இல்லை, அவசரத்தைக் குறைக்குது. அவ்ளோதான் ரகசியம்.

கியர் இல்லாத மூணு பேரும் பாதி மலையைத் தள்ளிட்டேதான் வந்தாங்க. அதுலயும் ஒரு லாபம். தள்ளிட்டுப் போறவன்தான் காட்டைப் பார்க்கிறான். அடிவாரத்துல முள்ளுப் புதர். மேலே போகப் போக இலையுதிர் காடு. அதுக்கும் மேலே பள்ளத்தாக்குகள்ல திட்டுத் திட்டா சோலை. இது கிழக்குத் தொடர்ச்சி மலை. சுமார் 1,095 சதுர கிலோமீட்டர். வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன்னு ரெண்டு பாகம்.

‘ஓக் மரம் எங்கேடா?’ன்னு கேட்டான் ஒருத்தன். தமிழ்நாட்டு மலைத் தோட்டங்கள்ல மிளகுக்கொடி ஏத்த நடுற சில்வர் ஓக், பேர்லதான் ஓக். ஆஸ்திரேலியாவுலேருந்து வந்த மரம், ஓக்குக்கு சொந்தக்காரனே இல்லை! நம்ம மலைக்கு ஓக் எதுக்கு? கடுக்காய் இருக்கு, புளி இருக்கு, பலா இருக்கு. மேலே ஏறினதும் தரை தட்டையாகாது. மேடு, பள்ளம், மறுபடி மேடு. மேட்டுல மரவள்ளி, சாமை. நடுவுல செம்மண் பாதை. டி.வி.யில பார்த்த அதே அலை, நம்ம ஊர் கலர்ல!

‘செம ட்ரெயில் மச்சி!’

வெள்ளிமலைப் பக்கம் டீ குடிச்சோம். தார் ரோட்டை விட்டுட்டு ஒரு மண் பாதையில இறங்கினோம். கல்லு, வேரு, மழை அறுத்த பள்ளம், திடீர்னு ஒரு ஓடை. ஹேண்டில்பார் கையில டான்ஸ் ஆடுது. ‘செம ட்ரெயில் மச்சி!’ன்னு கத்திக்கிட்டே போனோம். எனக்குப் பின்னாடி வந்தவன் கத்தினது மட்டும் வேற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தா சைக்கிள் தனியா வருது!

பிரேக் ரப்பர் தேய்ஞ்சு இரும்பு தெரிஞ்சது. கிளம்புறதுக்கு முன்னாடி நாங்க பார்த்திருக்கணும், பார்க்கலை. எங்க தப்புதான். முட்டியில ரத்தம், மணிக்கட்டு வீங்கிடுச்சு. செல்போன்ல சிக்னல் இல்லை.

மரவள்ளிக் காட்டுல களை எடுத்துட்டிருந்த ஒரு அக்காதான் முதல்ல ஓடி வந்தாங்க. புடவைத் துணியைக் கிழிச்சு முட்டியில கட்டினாங்க. யாரையோ கூப்பிட்டுக் குரல் கொடுத்தாங்க. பத்து நிமிஷத்துல ஒரு அண்ணன் மொபெட்ல வந்தார். நடுவுல எங்காளு, பின்னாடி பிடிச்சுக்க நான். ஆரம்ப சுகாதார நிலையம் போய்ச் சேர முக்கால் மணி நேரம். நாங்க ‘செம ட்ரெயில்’னு கத்தினோமே, அந்தப் பாதையிலதான் திரும்பிப் போனோம். ஒவ்வொரு கல்லுக்கும் அவன் முனகினான். காலையில ஜாலியா எண்ணின அதே கல்லுங்க!

எலும்பு முறியலை, சுளுக்குதான். நிம்மதியா உட்கார்ந்தப்போ அந்த அண்ணன் கேட்டார்: “ஏன் தம்பி, அவ்ளோ தூரத்துலேருந்து ரோடு இல்லாத வழியாத் தேடி வந்தீங்களா?”

“ஆமாண்ணே.”

சிரிச்சார். “நாங்க ரோடு கேட்டு நடையா நடக்கிறோம். மழைக்காலத்துல இந்த வண்டியும் வராது தம்பி. பிரசவம்னாலும் தூளி கட்டித் தூக்கிட்டுத்தான் வரணும்.”

கோபமா சொல்லலை. சும்மாதான் சொன்னார். எங்க அஞ்சு பேருக்கும் வாயே திறக்கலை.

அதே 1976

திரும்பி வந்ததும் லைப்ரரியில உட்கார்ந்தேன். கல்வராயன் மலை ரொம்ப காலம் மூணு ஜாகிர்களா இருந்திருக்கு. மலையாளிப் பழங்குடி மக்கள் வரி கட்டினது ஜாகிர்தார்களுக்கு. நாடு சுதந்திரம் அடைஞ்சு 29 வருஷம் கழிச்சுத்தான் அது முழுசா முடிவுக்கு வந்தது. எந்த வருஷம் தெரியுமா? 1976! கலிஃபோர்னியாவுல பசங்க ஜாலிக்காக ரோட்டை விட்டு இறங்கின அதே வருஷம்தான், இங்கே மக்கள் ‘ரோடு போடுங்க’ன்னு கேட்க ஒரு அரசாங்கமே கிடைச்சிருக்கு.

2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி டவுன் கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேலே செத்துப் போனாங்க. அதே வருஷம் சென்னை உயர் நீதிமன்றம், இந்த மலை மக்களோட நிலைமை பத்தித் தானாவே வழக்கு எடுத்து, ரோடு, ஆஸ்பத்திரி மாதிரி அடிப்படை வசதிகளைப் பத்தி அரசாங்கத்தைக் கேள்வி கேட்டது. ‘சாராய மலை’ன்னு ஒரே வார்த்தையில முடிச்சாரே எங்க சீனியர், அவர்கிட்ட அந்த அக்கா கிழிச்ச புடவையைப் பத்திச் சொன்னேன். அமைதியாயிட்டார்.

அப்போ மலைக்குப் போகவே கூடாதா? கண்டிப்பா போகலாம். ரோடு வந்தா நம்ம ஜாலி போயிடுமேன்னு நினைக்கிறதுதான் தப்பு. ஊருக்கு ஊர் ரோடு வந்தாலும் காட்டுக்கும் ஓடைக்கும் போற ஒத்தையடிப் பாதை இருக்கத்தான் செய்யும். சைக்கிளுக்கு அது போதும். மரின்லயே இந்தச் சண்டை வந்தது பாஸ். நடக்கிறவங்களுக்கும் சைக்கிள்காரங்களுக்கும் ஒத்துவராம, ஒத்தையடிப் பாதைகள் பலதுல சைக்கிளுக்குத் தடை போட்டாங்க. மண் ரோடுகள்ல மணிக்கு 15 மைல்னு வேகக் கட்டுப்பாடும் வந்தது. பாதை யாரோடதுங்கிற கேள்வி, இந்த விளையாட்டு பொறந்த ஊருக்கே வந்த கேள்வி. நாம முதல் நாள்லேயே கேட்டுக்கிட்டா நல்லது.

கிளம்புறவங்க கவனிக்க...

*முதல்ல பிரேக்: 80 கிலோ எடை (நீங்க பிளஸ் சைக்கிள்) 600 மீட்டர் இறங்கினா வர்ற சக்தி, ஒன்றரை லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கும்! காத்து கொஞ்சம் வாங்கிக்கும், மிச்சம் பிரேக்குக்குத்தான். ரப்பரை மாத்திட்டு ஏறுங்க. இறங்கும்போது அழுத்திப் பிடிச்சுட்டே வராம, விட்டு விட்டுப் பிடிங்க. நடுவுல நின்னு ரிம் ஆற விடுங்க.

*சறுக்காதீங்க: சக்கரத்தை லாக் பண்ணி சறுக்கினா மண்ணுல கோடு விழும். அடுத்த மழைக்கு அந்தக் கோடுதான் வாய்க்கால். நீங்க ஊருக்குப் போயிடுவீங்க, பாதை அவங்களுக்கு வேணும்.

*கேட்டுட்டுப் போங்க: காப்புக்காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம நுழையக் கூடாது. விளைநிலம்னா காட்டுக்காரங்களைக் கேளுங்க.

*மழையில வேண்டாம்: ஓடை எப்ப பெருகும்னு ஊர்க்காரங்களுக்குத்தான் தெரியும்.

*பையில: பஞ்சர் கிட், பம்பு, ஒரு டியூப், முதலுதவிப் பெட்டி, தண்ணி. தலையில ஹெல்மெட்!

*பெல் அடிங்க: எதிர்ல விறகுக்கட்டோட ஒரு அம்மா வந்தா, இறங்கி ஓரமா நின்னு வழி விடுங்க. அது அவங்க பாதை.

அடுத்த மாசம் மறுபடி போறோம். எங்காளு மணிக்கட்டு சரியாயிடுச்சு. இந்தத் தடவை அவன் கேரியர்ல புது பிரேக் ரப்பரோட இன்னொண்ணும் ஏறுது. அந்த அக்காவுக்கு ஒரு புடவை!