மேஜை மேல் ஒரு ரயில் நிலையம்

பொம்மை ரயில் வேறு, மாதிரி ரயில் வேறு. பொம்மை ரயில் ஓடினால் போதும். மாதிரி ரயிலோ உண்மை ரயிலின் அளவுகளை ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்யப்படுவது. பிரிட்டனில் இப்பொழுதுபோக்கில் ஈடுபடுவோர் பலர் கையாளும் விகிதத்தில், உண்மையான 1 அடி மாதிரியில் 4 மி.மீ. ஆகிறது, அதாவது ஏறத்தாழ 76இல் ஒரு பங்கு. எஞ்சினையும் பெட்டியையும் இவ்வாறு சுருக்கிவிடலாம். பயணிகள் நிலையம் ஒன்றை அமைக்க முற்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஏன் என்று கேட்கிறீர்களா? ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் ரயில்வே 1951 முதல் கட்டிய 'மார்க் 1' வகை நெடுந்தூரப் பெட்டியின் நீளம் 64.5 அடி. மாதிரியில் இது 258 மி.மீ. பன்னிரண்டு பெட்டிகளையும் ஓர் எஞ்சினையும் கோத்தால் ரயில் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் நீளும். பிளாட்பாரம் மட்டுமே பதினொன்றரை அடி! பாதைகள் பிரியும் பகுதிக்கு இடம் இனிமேல்தான் தேட வேண்டும். அறையின் சுவர் முடிந்துவிடும்; ரயில் முடியாது.

ஆகவே, வளைத்தால் என்ன என்று தோன்றும். கடையில் வாங்கும் தண்டவாளத் துண்டுகளில் 438 மி.மீ. ஆரமுள்ள வளைவு மிகச் சாதாரணம். உண்மை அளவில் இது 33 மீட்டர்தான். விரைவு ரயில் ஓடும் பாதையின் வளைவுகளுக்கோ ஆரம் பல நூறு மீட்டர் இருக்கும்.

இங்கே ஒரு வடிவியல் உண்மை குறுக்கிடுகிறது. தண்டவாளம் வளையும், பெட்டி வளையாது. பெட்டி இரண்டு சக்கரத் தொகுதிகளின் மேல், வட்டத்தில் வரைந்த நாண்போலக் கிடக்கிறது. சக்கரத் தொகுதிகளுக்கு இடையிலுள்ள தூரத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால், பெட்டியின் நடுப்பகுதி எவ்வளவு உட்புறம் தள்ளுகிறது என்பது கிடைக்கும். மார்க் 1 மாதிரியில் அத்தூரம் 186 மி.மீ. கணக்கிட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 10 மி.மீ. வரும். அதே வேளையில் பெட்டியின் முனைகள் 9 மி.மீ. வெளியே விலகுகின்றன. வளைவின் உட்புறம் பிளாட்பாரம் அமைத்தால், பெட்டியின் நடுப்பகுதி இடிக்காதபடி அதன் விளிம்பைப் பின்தள்ள வேண்டும். அப்போது முனைக் கதவுக்கும் விளிம்புக்கும் இடையே 19 மி.மீ. இடைவெளி விழும். அற்பம் என்று எண்ணாதீர்கள். உண்மை அளவில் அது 1.4 மீட்டருக்கும் மேல்! பயணி தாண்டித்தான் குதிக்க வேண்டும்.

உண்மை நிலையங்களும் இதற்கு விலக்கல்ல. லண்டன் சுரங்க ரயிலின் 'பேங்க்' நிலையத்தில் பிளாட்பாரம் வளைந்தே இருக்கிறது. இடைவெளியைக் கவனிக்கும்படி ஒலிபெருக்கியில் எச்சரிக்கும் வழக்கம் லண்டனில் 1968இல் தொடங்கியது.

ஜெர்மானியத் தயாரிப்பாளர்கள் வேறொரு தந்திரம் செய்தார்கள். அங்கே வழக்கமான விகிதம் 87இல் ஒரு பங்கு. அதன்படி 26.4 மீட்டர் பெட்டி 303 மி.மீ. இருக்க வேண்டும். உயரத்தையும் அகலத்தையும் தொடாமல், நீளத்தை மட்டும் நூற்றில் ஒரு பங்காக்கி, 264 மி.மீ. பெட்டிகளை விற்றார்கள். கண் இதை எளிதில் கண்டுபிடிப்பதில்லை. பெட்டியில் செய்ததை நிலையத்திலும் செய்யலாம்: பிளாட்பாரத்தை நேராக வைத்து, நீளத்தை நான்கைந்து பெட்டிகளுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கதவு, படிக்கட்டு, பிளாட்பாரத்தின் உயரம் ஆகியவற்றில் கைவைக்காதீர்கள். மனித உடலோடு ஒப்பிட்டே நாம் அளவை உணர்கிறோம். அங்கே தவறினால் நிலையம் முழுவதும் பொம்மையாகிவிடும்.

இவ்வகையில் சிறந்த திட்டம் என்று நான் கருதுவது, சிரில் ஃப்ரீசர் 1957இல் 'ரயில்வே மாடலர்' இதழில் வெளியிட்ட 'மைனரீஸ்'. ஏறத்தாழ ஏழடி நீளத்தில், மூன்று பிளாட்பாரங்கள் கொண்ட நகர முனைய நிலையம் அது. ரயில் ஒரு பக்கம் திரும்பி உடனே மறுபக்கம் திரும்பினால், அடுத்தடுத்த பெட்டிகளின் முனைகள் எதிரெதிர்த் திசைகளில் விலகித் தடம்புரள நேரும். பாதை மாற்றும் பாயிண்டுகளை ஃப்ரீசர் வரிசைப்படுத்திய முறையில் பெரும்பாலான வழிகளில் இந்த இரட்டை நெளிவு வருவதில்லை. வந்த எஞ்சின் முட்டுச்சந்தில் அகப்பட்டுக்கொள்ளும்; வேறோர் எஞ்சின் மறுமுனையில் கோக்கப்பட்டு ரயிலை இழுத்துச் செல்லும். சாலைப் பாலம் ஒன்றின் அடியில் புகுந்து ரயில் மறைகிறது. பாலத்துக்கு அப்பால் இருப்பது மறைவான சில தண்டவாளங்களே. பார்ப்பவருக்கோ அது வெளியூர்!

நிறுத்துவதிலும் ஒரு சங்கதி உண்டு. நீளம் 76இல் ஒரு பங்கானால் எடை 76இன் கனத்தில் ஒரு பங்காகும். 35 டன் பெட்டி 80 கிராம் ஆகிவிடுகிறது. உந்தம் மிகக் குறைவு. மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினால் ரயில் சுவரில் மோதியதுபோல் நிற்கும். ஆகவே பிளாட்பாரத்துக்குள் நுழையும்போதே மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து வாருங்கள்.

கடைசியாகப் பயணிகள். ஐந்தடி ஒன்பது அங்குல மனிதர் 23 மி.மீ. பொம்மையாகிறார். ஓடும் பாவனையில் வார்த்த பொம்மைகளை வாங்காதீர்கள். ஒரு கால் தூக்கியபடி எத்தனை நேரம் நிற்பார்? பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பவர், கடிகாரத்தைப் பார்ப்பவர், தூணில் சாய்ந்து காத்திருப்பவர் போதும். ரயில் வந்து போன பிறகும் அவர்கள் அங்கேயே இருந்தால், அடுத்த வண்டிக்காகக் காத்திருப்பதாகத்தான் தோன்றும்.