ஜீரோ பிளஸ் இருபது

நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் அந்தப் படம் அடிக்கடி வரும். ஒரே நிறத் தொப்பி போட்ட ஐந்தாறு வேளாண் கல்லூரி மாணவிகள், கையில் டிரைக்கோடெர்மா பொட்டலம், எதிரே தோளில் துண்டுடன் நாலு விவசாயிகள். 'விதை நேர்த்தி குறித்து விளக்கம் அளித்தனர்' என்று கீழே ஒரு வரி. படத்தில் சொல்லிக்கொடுப்பவர்கள் மாணவிகள். நடப்பதோ பெரும்பாலும் நேர்மாறு. அதைப் படம் எடுக்கத்தான் யாரும் வருவதில்லை.

ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டம் என்பது இதன் முழுப்பெயர். மாணவர்கள் வாயில் 'ரேவ்'. 1992இல் ரந்தாவா குழு பரிந்துரைத்தது. 2015இல் 'ஸ்டூடண்ட் ரெடி' என்ற பெரிய திட்டத்துக்குள் போனது. பி.எஸ்சி. வேளாண்மை கடைசி ஆண்டில் ஊரில் தங்கி, ஒரு விவசாயி பின்னாலேயே நடந்து கற்க வேண்டும். ஐந்தாவது டீன்கள் குழுவின் பாடத்திட்டத்தில், தொழிற்சாலைப் பயிற்சியும் சேர்த்து இருபது வாரத்துக்கு இதன் மதிப்பு 0+20. அதாவது வகுப்பறைப் பாடத்துக்கு சைபர், செய்முறைக்கு இருபது கிரெடிட். பட்டப்படிப்பு ஒன்று இவ்வளவு வெளிப்படையாக வகுப்பறையை ஒதுக்கிவைப்பது அபூர்வம்.

ஆந்திராவின் திருப்பதியில் 1961இல் தொடங்கிய எஸ்.வி. வேளாண் கல்லூரி மாணவர்களுக்கு இந்த விஷயத்தில் ஓர் அதிர்ஷ்டம். கல்லூரியைச் சுற்றிலும் மானாவாரி வேர்க்கடலை. சித்தூர் பக்கம் போனால் மாந்தோப்பு, கரும்பு, வெல்லம் காய்ச்சும் ஆலை. பலமநேர், குப்பம் பக்கம் தக்காளியும் மல்பெரியும்.

ஊருக்குப் போனதும் முதல் வேலை, தெருவில் கோலப்பொடியால் ஊரை வரைவது. பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்னும் இதைப் பிஆர்ஏ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் 1980களின் இறுதியில் பரப்பிய முறை. ஏரிக்கு நீலம், தோப்புக்குப் பச்சை. முதலில் பிள்ளைகள் கூடுவார்கள், பிறகு பெரியவர்கள். வரைபடத்தில் இருக்கும் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, ஏரிக்கால்வாய் எந்த இடத்தில் தூர்ந்தது, யார் வீடு விட்டுப்போனது என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். பருவகால அட்டவணை இன்னும் சுவாரஸ்யம். பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போட்டு, மழை, கூலி வேலை, கடன் என ஒவ்வொன்றுக்கும் புளியங்கொட்டையோ கூழாங்கல்லோ வைக்கச் சொல்வார்கள். கடன் வரிசையில் கொட்டை குவியும் மாதமும் விதைப்பு மாதமும் ஒன்றாக வந்து நின்றால், விதை நேர்த்தியைப் பற்றி விளக்கம் அளிப்பதற்கு முன் யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

கையால் தொட்டால்தான் தெரியும் என்பதற்கு இந்த மண்ணிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1970களின் நடுவில் ஸ்ரீகாளஹஸ்தி வட்டாரத்து வேர்க்கடலையில் புதுவிதமான ஒரு நோய் தென்பட்டது. செடி குட்டையாகும், ஆனால் இலை நல்ல செடியைவிடக் கூடுதல் பச்சையாக இருக்கும். வரப்பில் நின்று பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. பிடுங்கிப் பார்த்தால்தான் விழுதிலும் காயிலும் பழுப்புப் புள்ளிகள், நிறம் மாறிச் சிறுத்த காய்கள் தெரியும். காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு நூற்புழு. ஆய்வு நூல்களில் இன்றும் அதன் பெயர் 'காளஹஸ்தி மாலடி'. அதைத் தாங்கும் ரகங்களைப் பின்னாளில் திருப்பதி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது. அவற்றில் ஒன்றுக்கே 'காளஹஸ்தி' என்று பெயர் வைத்தார்கள்! (நோய்க்கும் மருந்துக்கும் ஒரே ஊர்ப் பெயர்.) தேர்வில் இதை இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படிக்கிறவருக்கும், ஆவணி வெயிலில் குனிந்து செடியைப் பிடுங்குகிறவருக்கும் கிடைப்பது ஒரே அறிவு அல்ல.

பயிர் மட்டுமா? 2025 ஜூனில் சித்தூர் மாவட்டத்தில் நாம் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்லும் தோதாபுரி மாம்பழம் கொட்டிக் குவிந்தது. கூழ் ஆலைகளில் பழைய சரக்கே தேங்கிக் கிடந்ததால் விலை விழுந்தது. வெளிமாநிலப் பழம் வரக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் தடுக்க, கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். கிலோவுக்கு ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று கணக்குப் போட்டது ஆந்திர அரசு. பழ ஈ ஒழிப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தவருக்கு, பழுதில்லாத பழத்துடன் ஆலை வாசலில் டிராக்டர்கள் காத்துக்கிடப்பது எந்தப் பாடத்தில் வரும்?

என் குறை காலத்தைப் பற்றியது. சில மாதத்தில் ஊர் பழகுவதற்குள் மூட்டை கட்ட வேண்டியிருக்கிறது; ஒரு போகம் முழுசாகப் பார்ப்பதே கஷ்டம். இதற்கு மாறாக, சீன வேளாண் பல்கலைக்கழகம் 2009இல் ஹெபெய் மாகாணத்து வட்டம் ஒன்றின் கிராமங்களில் முதுநிலை மாணவர்களையும் ஆசிரியர்களையும் குடியேற்றியது. விவசாயிகளுடனேயே தங்கி, அவர்கள் சொல்வதைக் கேட்டு முறைகளை மாற்றிக்கொண்டார்கள். எட்டக்கூடிய விளைச்சலில் 62.8 சதவீதம் எடுத்துவந்த அந்த வட்டம், 79.6 சதவீதத்துக்கு உயர்ந்ததாக 2016இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. நம் இளநிலை மாணவர்களை ஆண்டுக்கணக்கில் ஊரில் வைத்திருக்க முடியாதுதான். ஆனால் ஆண்டுதோறும் வேறுவேறு ஊருக்கு அனுப்பாமல், ஒரே ஊருக்கு அடுத்தடுத்த அணிகளை அனுப்பலாமே. போன ஆண்டு மாணவர் விட்ட இடத்தில் இந்த ஆண்டு மாணவர் தொடங்குவார்.

இன்னொன்று. இருபது வாரத்தின் முடிவில் மாணவர்கள் ஆங்கிலத்தில் தடிமனான அறிக்கை ஒன்று எழுதிக் கல்லூரியில் ஒப்படைக்கிறார்கள். கிணறு, கடன், கூலி, விலை என்று அதில் இருப்பதெல்லாம் ஊர் சொன்னது. அதன் தெலுங்குப் பிரதி ஒன்றை, குப்பம், நகரி போன்ற இடங்களில் தமிழிலும் ஒன்றை, அந்த ஊரில் விவசாயிகளுக்காக அரசு நடத்தும் ரைத்து சேவா மையத்தில் வைக்கச் சொல்லலாம். தப்பாக எழுதியிருந்தால் திருத்த அங்கே ஆள் உண்டு.