உஷார்! தீராத அஜீரணமா? மெலியும் ஊசிக்கு அவசரப்படாதீர்கள்

ஹவுன்ஸ்லோவில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் இப்போது பேச்சு வெகோவி, மவுஞ்சாரோ என்ற மெலியும் ஊசிகளைப் பற்றித்தான். "நீங்கள் இன்னும் போடேல்லையோ அக்கா?" வருடக்கணக்காகச் செமியாக்குணத்தோடு இருப்பவரிடமும் இதைக் கேட்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

சாப்பாடு இரைப்பையிலிருந்து என்ன வேகத்தில் இறங்க வேண்டும் என்பதைக் குடல்தான் ஹார்மோன் சுரந்து சொல்கிறது. கொழுப்பு வந்து சேர்ந்ததும் சி.சி.கே., ஜி.எல்.பி-1 இரண்டும் சுரந்து இரைப்பைக்குக் கடிவாளம் போடும். வெறும் வயிற்றில் மோட்டிலின் அதை முடுக்கிவிடும். குடல் இப்படி இரத்தத்தின் வழியே சேதி அனுப்புவதை 1902இல் முதன்முதலில் கண்டுபிடித்ததே இந்த லண்டனில், யுனிவர்சிட்டி காலேஜில்தான்.

நாள்பட்ட அஜீரணம் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இரைப்பை ஏற்கனவே மெதுவாகத்தான் காலியாகிறது. நாலு வாய் புட்டிலேயே வயிறு நிறைந்துவிடும். மத்தியானம் தின்றது இரவு ஏப்பத்தில் வரும். இந்த ஊசிகள் ஜி.எல்.பி-1இன் வேலையைச் செய்பவை. உடம்பில் சுரக்கும் ஜி.எல்.பி-1 சில நிமிடங்களில் அழிந்துவிடும். வெகோவி மருந்தோ பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கும். வாந்தி நிற்காவிட்டாலும் போட்ட ஊசியைத் திருப்பி எடுக்க முடியாது. கடுமையான இரைப்பை மந்தம் உள்ளவர்களிடம் மவுஞ்சாரோ சோதிக்கப்படவில்லை என்று அதன் மருந்துக் குறிப்பே சொல்கிறது.

ஆபரேஷனோ, மயக்கம் கொடுத்து எண்டோஸ்கோபியோ இருந்தால், ஊசி போடுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பட்டினி கிடந்தும் இரைப்பையில் உணவு தங்கி, மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகக்கூடும் என்று மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எம்.எச்.ஆர்.ஏ. 2025 ஜனவரியில் எச்சரித்தது.

வாந்தியை ஊரிலிருந்து வரும் டொம்பெரிடோன் மாத்திரையால் சமாளிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். இதயத் துடிப்பைக் குலைக்கும் ஆபத்து இருப்பதால் 2014 முதல் பிரிட்டனில் அது சீட்டில்லாமல் கிடைக்காது.

இன்னொன்றுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. 55 வயதைத் தாண்டியவருக்கு அஜீரணத்தோடு எடையும் குறைந்தால், புற்றுநோய் இல்லையென்று உறுதிசெய்ய உடனே எண்டோஸ்கோபி பார்ப்பது இங்குள்ள விதி. ஊசி போட்டவரோ எடை குறைந்தால் மகிழ்ந்துதானே போவார்?

சலூனிலோ வாட்ஸ்அப்பிலோ ஊசி வாங்காதீர்கள். முதலில் ஜி.பி.யிடம் போய் அந்தப் புளிச்ச ஏப்பத்தைச் சொல்லுங்கள். ஏற்கனவே போட்டுக்கொண்டு விடாமல் வாந்தி எடுப்பவர்கள், வயிற்றுவலி முதுகுக்கும் பரவுகிறவர்கள், அடுத்த ஊசியைப் போடாமல் இன்றே 111க்கு அழையுங்கள்.